குதிரைக்குட்டிக்குக் கால் ஒடிந்தால்: கேள்வி பதில்

அல்சூர்க்காரன் நான். பெங்களூருப் பந்தயக் குதிரைகளோடும் சுற்றுவட்டாரப் பண்ணைகளோடும் முப்பது வருடம் திரிந்த கால்நடை மருத்துவன். வந்த கேள்விகளில் குட்டிகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தொட்டபள்ளாபூர் பக்கம் பண்ணை வேலை பார்ப்பவர்): ஐயா, பத்து நாள் குட்டியைத் தாய் மிதித்துவிட்டது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எங்கே தப்பு செய்தோம்?

பதில்: கட்டாமல் வண்டியில் ஏற்றியதுதான் தப்பு, தம்பி. அந்த இடத்தில் எலும்பை மூடச் சதையே கிடையாது, தோல் மட்டும்தான். குட்டி ஒவ்வொரு முறை எழ முயலும்போதும் ஒடிந்த முனை உள்ளிருந்து குத்தும். தோல் கிழிந்தால் கிருமி புகும். அப்புறம் எலும்பைச் சேர்த்துப் பிடிக்க எவ்வளவு நல்ல பிளேட் (உலோகத் தகடு) வைத்தாலும் பாதி ஆட்டம் போச்சு.

பஞ்சைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் பேண்டேஜை இறுக்கிக் கட்டுங்கள். பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைக் காலின் பின்புறமும் இன்னொன்றை வெளிப்பக்கமும், குளம்பிலிருந்து முழங்கைக்கு (முழங்காலுக்கு மேலே, உடலை ஒட்டியிருக்கும் மூட்டு) கீழே வரை வைத்து டேப் சுற்றுங்கள். ஒருமுறை ஒரு குட்டி வந்தது. பைப் சரியாக முறிவு இருந்த இடத்திலேயே முடிந்திருந்தது. கட்டாமலே விட்டிருக்கலாம். தொடையோ தோளோ ஒடிந்திருந்தால் மட்டும் கட்டவே கூடாது. கட்டின் கனம் ஊசலாடி முறிவை இன்னும் கெடுக்கும். தாயையும் அதே வண்டியில் ஏற்றுங்கள். இல்லையென்றால் இரண்டும் கத்தியே ஓய்ந்துபோகும்.

கேள்வி (சிவாஜி நகரிலிருந்து ஒரு அம்மா): கால் ஒடிந்தால் சுட்டுவிடுவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். குட்டிக்கும் அப்படித்தானா?

பதில்: இல்லை அம்மா. தாத்தா சொன்னது ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரையைப் பற்றி. பிறந்த குட்டி சுமார் 50 கிலோதான். பெரிய குதிரைக்கு மயக்கம் தெளிகிற நேரம்தான் எமகண்டம். 1975ல் அமெரிக்காவின் ரஃபியன் என்ற பெட்டைக் குதிரை, ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் உதைத்து உதைத்துக் கட்டைச் சிதைத்துக்கொண்டது. கருணைக்கொலைதான் செய்ய வேண்டியிருந்தது. குட்டி என்றால் ஒருவர் தலையையும் ஒருவர் வாலையும் பிடித்து நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் அது நேரே தாயின் மடிக்குத்தான் போகும். அந்த முதல் சப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்குக் காபி இறங்காது.

கேள்வி (ஹெப்பாளில் படிக்கும் மாணவர்): சார், மாவுக்கட்டு மட்டும் போதாதா? பிளேட் எதற்கு?

பதில்: எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டோடு (எலும்பு நீளமாக வளர்கிற குருத்தெலும்பு அடுக்கு) சேர்ந்து ஒடிந்து, அதிகம் விலகாமலிருந்தால் கட்டே போதும், சில வாரங்களில் கூடிவிடும். நடுத்தண்டு ஒடிந்தால் பிளேட்தான். குட்டியின் எலும்பு மென்மையானது, ஸ்க்ரூ பிடிப்பது குறைவு. அதனால்தான் ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரை கடித்துக்கொள்ளும் லாக்கிங் பிளேட் நமக்குப் பெரிய வரம். கட்டு நீண்ட நாள் இருந்தால் தசைநார் தொய்ந்து, பிரித்ததும் குளம்புக்கு மேலே இருக்கும் கணு மூட்டு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழும். குட்டி வளர்வதால் பத்துப் பதினான்கு நாளுக்கொருமுறை கட்டை மாற்றவும் வேண்டும். பிளேட் வளர்ச்சித் தட்டைத் தாண்டிப் போயிருந்தால், எலும்பு கூடியதும் எடுத்துவிட மறக்காதே. மறந்தால் கால் கோணும்.

கேள்வி (எலஹங்காவிலிருந்து ஒரு குதிரைக்காரர்): ஆபரேஷனுக்கு அப்புறம் லாயத்தில் எதைப் பார்க்கணும் அண்ணா?

பதில்: ஒடிந்த காலை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அதன் ஜோடிக் காலை, அதாவது எதிர்ப்பக்கத்து நல்ல காலைப் பாருங்கள். முழுப் பாரமும் அதில் இறங்குவதால் குட்டிக்கு அந்தக் கால் வில்லாக வளைந்துபோகும். பெரிய குதிரைக்கு அதே பாரத்தால் குளம்பு அழற்சி வரும்; 2006ல் பின்னங்கால் நொறுங்கிய அமெரிக்கப் பந்தயக் குதிரை பார்பரோவை அதுதான் 2007 ஜனவரியில் கொண்டுபோனது. தினமும் காலையில் குட்டியை நேராக நிறுத்தி, முன்னாலிருந்து அந்தக் காலைப் போனில் ஒரு படம் எடுங்கள். ஒரு வாரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். வலி மாத்திரையை மட்டும் கைக்கு வந்தபடி கொடுக்காதீர்கள், குட்டியின் வயிறு புண்ணாகிவிடும்.