ரேடியோ வீட்டுக்குப் பொது, திருகு மட்டும் தாத்தாவுக்கு

சொந்த ஊரில், வீட்டில் முதன்முதலாக ரேடியோ கேட்ட நாட்கள் நினைவிருக்கிறதா, அது வீட்டை எப்படி மாற்றியது என்பது கேள்வி. எனக்குச் சோழவந்தான் பக்கம். மதுரையிலிருந்து திண்டுக்கல் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக வருமே, அந்த ஊர். எழுபதுகளின் கதை இது.

"அந்தக் காலத்தில் குடும்பமே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கேட்டோம்" என்று இப்போது பலபேர் உருகுகிறார்கள். உட்கார்ந்தது வாஸ்தவம்தான். எதைக் கேட்பது என்று முடிவு பண்ணினது யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது தாத்தா. பெட்டி எல்லாருக்கும் பொது, திருகைத் தொடுகிற உரிமை அவர் ஒருத்தருக்கு.

பெட்டி மர்பி கம்பெனி வால்வு செட். முன்கட்டுச் சுவரில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். சின்ன அத்தை பூவேலை செய்த உறை போட்டிருக்கும். வலை மாதிரிப் பின்னிய நாடா ஏரியல் உத்தரத்துக்கு உத்தரம் இழுத்துக் கட்டியிருக்கும். சுவிட்சைப் போட்டவுடனே பாடிவிடாது. முதலில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். வால்வு சூடேற வேண்டும். பிறகு லேசாக ஒரு உறுமல், கூடவே வெந்த தூசி வாசனை, அதற்கப்புறம்தான் ஆள் குரல். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி முடிக்க அந்த இடைவெளி சரியாக இருக்கும்.

திருகைத் திருப்பினால் முள்ளை நகர்த்துவது உள்ளே ஓடும் ஒரு நூல். சின்னச் சின்ன உருளைகளைச் சுற்றி வரும். அது நைந்துபோனால் திருகு மட்டும் வெறுமனே சுற்றும், முள் அசையாது. பெட்டியைப் போர்வையில் சுற்றி மதுரைக்கு ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஜன்னலோர இடம் ரேடியோவுக்கு, நடுவில் நான். புது நூல் கட்டி வாங்கி வந்தால் முள் பழைய இடத்தில் நிற்காது, ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். தாத்தா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு, கண்ணாடிமேல் திருச்சிக்கு ஒரு புள்ளி, திருநெல்வேலிக்கு ஒரு புள்ளி. சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்கு, புள்ளி கிடையாது.

லைசென்ஸ் விவகாரம் இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். ரேடியோ வைத்திருக்க அரசாங்கத்துக்கு வருஷத்துக்கு 15 ரூபாய் கட்ட வேண்டும். தபால் ஆபீசில் பணத்தைக் கட்டினால், அதற்கென்று இருக்கிற சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். கட்டாதவர்கள் வீட்டுக்கு ஆள் வந்து பெட்டியைத் தூக்கிப் போகலாம். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெருமுனையில் ஒரு குரல் கிளம்பினால் போதும், சில வீடுகளில் பெட்டி நெல் குதிருக்குள் போய்விடும். எண்பதுகளின் நடுவில்தான் இந்த லைசென்ஸ் ஒழிந்தது. தாத்தா தவறாமல் கட்டுவார். கட்டுகிறவனுக்குத்தான் திருகும் உரிமை என்று நினைத்தாரோ என்னவோ.

காலையில் ஆகாசவாணியின் அந்தத் தம்புரா, வயலின் முகப்பு இசையோடு வீடு எழுந்திருக்கும். அப்புறம் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி குரல் வந்தால் அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட நிற்க வேண்டும். ஒரு எழுத்து பிசகாமல், மூச்சு வாங்காமல் வாசிப்பார். "பொம்பளைக் குரல்னா இப்படி இருக்கணும்" என்பார் தாத்தா. சொந்த வீட்டுப் பொம்பளைக் குரல் எதையும் அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் திருச்சியின் விவசாய நிகழ்ச்சி. இதைக் குறைத்துப் பேசக்கூடாது. திருச்சி நிலையம் 1939லேயே வந்தது. அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே அது பரவி, தஞ்சாவூர்ப் பக்கம் அதை 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலும் பெரியாறு வாய்க்கால் தண்ணீரை நம்பி நடுகிற சம்சாரிகள் அந்த நேரத்துக்கு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

ஆனால் மதுரைக்காரர்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. திருச்சிக்கு இருந்தது, 1963ல் நெல்லைக்கும் வந்துவிட்டது. மதுரை 1971லேயே மாநகராட்சி ஆன ஊர், அதற்கு வானொலி நிலையம் வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். அதுவரைக்கும் வடக்கே திருச்சி, தெற்கே நெல்லை என்று இரண்டு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வானம் இடித்தால் இரண்டுமே கரகரக்கும்.

அந்தக் கரகரப்புக்கு நடுவில் தெளிவாக விழுந்தது சிலோன். காரணம் பூகோளத்திலேயே இருக்கிறது. நேர்கோடு போட்டு அளந்து பாருங்கள், மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். போதாததற்கு மத்திய அலை, தரையை ஒட்டி ஓடும் அலை. காய்ந்த மண்மேல் போனால் சீக்கிரம் தளர்ந்துவிடும், உப்புத் தண்ணீர்மேல் போனால் வலு குறையாமல் வெகுதூரம் வரும். நடுவில் கடல் இருந்தது நமக்கு வசதியாகப் போயிற்று. இருட்டிய பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிற அலையும் சேர்ந்துகொள்ளும். ரெண்டு அலையும் மோதிக்கொள்ளும்போது பாட்டு தூரப் போய்த் திரும்பி வரும், ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவதுபோல.

சிலோன் வானொலிக்கு இந்தியாவில் அவ்வளவு மவுசு வந்ததற்கு நம் அரசாங்கமும் ஒரு காரணம். 1952ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் ரசனையைத் திருத்திக்கொள்ளவில்லை, முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். 1957ல் விவித் பாரதியைத் தொடங்கிச் சமாளித்தார்கள் என்றாலும், அதற்குள் தெற்கத்திக் காது கொழும்புக்குப் பழகிவிட்டது. தாத்தாவும் கேஸ்கர் கட்சிதான், அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார் என்றாலும்.

வீட்டில் முடியாவிட்டால் மந்தையில் கேட்கலாம். அங்கே பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. கட்டடத்துக்குள் பெட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் ஆம்பளைகள் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள், நாங்கள் மணலில் கிடப்போம். பெண்கள் அங்கே வர மாட்டார்கள், வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துப் பாட்டைக் கேட்பார்கள். பாட்டு பாதியில் தேய்ந்துபோனால் அத்தை என்னை விரட்டுவாள்: "ஓடிப்போய் என்ன படம்னு கேட்டுட்டு வாடா." நான் ஓடுவேன். திரும்பி வருவதற்குள் அடுத்த பாட்டு ஓடும்.

தாத்தா அசந்து விட்டுக்கொடுக்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு சினிமாவை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, படமில்லாமல் சத்தம் மட்டும். கத்திச்சண்டையென்றால் வெறும் 'டங் டங்' கேட்கும், யார் யாரைக் குத்தினார்கள் என்று நாங்களே முடிவுபண்ணிக்கொள்வோம். பழைய படமாயிருந்து டி.ஆர். மகாலிங்கம் பாட ஆரம்பித்தால் அப்பத்தா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "நம்ம தென்கரைப் பிள்ளைடா" என்பாள். ஆற்றுக்கு அக்கரைக்காரர். அந்தப் பெருமையில் தாத்தாவுக்கும் பங்குண்டு என்பதால் திருகு அப்படியே இருக்கும்.

வீட்டை உண்மையிலேயே மாற்றியது மர்பி இல்லை, டிரான்சிஸ்டர். மதுரையில் மில்லில் வேலை பார்த்த சித்தப்பா, தீபாவளி போனஸில் வாங்கி வந்தார். ஓட்டை ஓட்டையாகப் போட்ட தோல் உறை, தோளில் மாட்ட வார். புதுசில் சவரக்கடைக்குக்கூட மாட்டிக்கொண்டு போனார். மோகம் தணிந்ததும், அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பினவுடனே அது அடுப்படிக்குப் போக ஆரம்பித்தது.

அங்கே அதற்கு ஒரு இடம் இருந்தது. ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்து மாடக்குழி, முகம் தெற்கே பார்த்து. அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலும் சத்தம் குன்றிவிடும். உள்ளே நீளவாக்கில் ஒரு ஃபெரைட் குச்சிதான் ஏரியல், அது நிலையத்துக்குக் குறுக்காகக் கிடந்தால்தான் அலையை நன்றாகப் பிடிக்கும் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அத்தைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாவு ஒட்டிய புறங்கையால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டித் திருப்புவாள், கொழும்பு வந்து நிற்கும். பேட்டரி இறங்கினால் மறுபடி காசு கேட்க முடியாது என்பதால் சிவப்பு எவரெடிக் கட்டைகளை முறத்தில் மிளகாய் வற்றலோடு வெயிலில் வைப்பாள். ஒரு நாள், ரெண்டு நாள் கூடத் தாங்கும்.

காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், பாட்டுக்குப் பாட்டு. அறிவிப்பாளர்களில் மயில்வாகனம் பேர் எங்கள் அப்பா தலைமுறைக்கு. எங்களுக்கு ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா. கே.எஸ். ராஜா பேசுகிற வேகத்துக்கு அத்தை வெங்காயம் அரிந்து பார்த்து விரலை வெட்டிக்கொண்டதும் உண்டு. ஆகாசவாணி நம்மைப் பொதுஜனமாக நினைத்துப் பேசியது, சிலோன்காரர்கள் நம் வீட்டு அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. ஆனாலும் எது பிடித்தது என்று கேட்டால் யோசிக்க மாட்டேன்.

அத்தை நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போட்டாள். கொழும்பு 7 என்று விலாசம் எழுதி, வெளிநாட்டுத் தபாலுக்கு என்ன ஸ்டாம்பு என்று விசாரித்து வந்தது நான். சொந்தப் பேரை மட்டும் போட்டால் வீட்டில் கேள்வி வரும், அதனால் தெருவில் இருக்கிற அத்தனை பேர் பேரையும் சேர்த்து எழுதியிருந்தாள், தாத்தா பேர் உட்பட. அது காற்றில் வந்த அன்றைக்கு வீட்டில் நாங்கள் மட்டும்தான் கேட்டோம். அரை மணி நேரத்தில் ஊர் கேட்டுவிட்டது. தாத்தாவுக்கு டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து நின்ற வேகத்தைப் பார்த்து இன்றைக்கு டிரான்சிஸ்டர் உடைந்தது என்றே நினைத்தேன்.

"ஏத்தா, பேரு எழுதுனது நீயா?"

அத்தை வாயே திறக்கவில்லை.

"அது சரி. கீழத்தெருக்காரன் பேரை எனக்கு முன்னால வச்சது எவன்? நீயா, அந்தச் சிலோன்காரனா?"

கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று பிராது கொடுக்கிற ஊர். ரேடியோ வரிசையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுப்படியில் சிலோன் பாடியதற்கு அவர் ஆட்சேபித்ததாக நினைவில்லை.

1983 ஜூலைக்குப் பின்னால் அந்தக் கேட்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. கொழும்புக் கலவரச் செய்தி வந்தபோது அப்பத்தா முதலில் கேட்டது, "ரேடியோல பேசுற பிள்ளைக எல்லாம் என்ன ஆனாகளோ?" என்பதுதான். தாத்தா ராத்திரியில் லண்டன் பி.பி.சி. தமிழோசைக்காகச் சிற்றலைக்கு முள்ளை நகர்த்த ஆரம்பித்தது அப்போதிருந்து. அடுத்த வருஷம் இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று, ஆகாசவாணி வாய் திறக்க சாயங்காலம் ஆனது. பி.பி.சி. அதற்கு வெகுநேரம் முன்பே அவர் இறந்ததைச் சொல்லிவிட்டது. டெல்லிச் செய்திமேல் தாத்தா வைத்திருந்த நம்பிக்கை அன்றைக்கு ஒரு படி இறங்கியது. பிறகு கொடைக்கானல் டவர் வந்தது, டிவி வந்தது, மர்பி பரணுக்குப் போனது.

அத்தை கல்யாணம் அதற்கெல்லாம் முந்தியே முடிந்துவிட்டது. அப்போது மாப்பிள்ளைக்கு வாட்ச், சைக்கிள், ரேடியோ என்று கேட்பது வழக்கம். மூன்றும் கொடுத்தார்கள். மேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன இடத்தில் மாமாதான் திருகைப் பிடித்தார். அவர் கேட்டதெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர். அத்தை சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பி, அந்தப் பழைய டிரான்சிஸ்டரைத் தோல் உறையோடு வாங்கிக்கொண்டாள்.

ராமநாதபுரம், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். எங்களுக்கு அப்போது மத்தியான வெயிலில் சிலோன் கொஞ்சம் மங்கும். கடற்கரையில் உங்களுக்கு நாள் முழுக்க ஒரே மாதிரிக் கேட்குமா?