பஜ்ஜியில் ஒட்டிய எழுத்து

கேள்வி: எங்கள் தெருமுனைக் கடையில் பஜ்ஜியைப் பழைய செய்தித்தாளில் வைத்து அமுக்கி, எண்ணெயை ஒற்றிவிட்டுத்தான் தருகிறார்கள். நேற்று வாழைக்காய் பஜ்ஜி ஒன்றில் எழுத்தே ஒட்டியிருந்தது. கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தாம்மா" என்கிறார் கடைக்காரர். இது உடம்புக்குக் கெடுதலா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கெடுதல்தான். சட்டப்படி தப்பும்கூட. உணவைச் செய்தித்தாளில் கட்டவோ வைக்கவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள் சொல்கின்றன. 2019 ஜூலை 1 முதல் அவை நடப்பில் உள்ளன. பரிமாறவும் எண்ணெய் ஒற்றவும்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2023 செப்டம்பரில் ஆணையம் திரும்பவும் எச்சரித்தது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பஜ்ஜி வைத்த இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான எண்ணெய் தாளுக்குள் இறங்கி, அச்சு மையைக் கரைத்துக்கொண்டு மறுபடி பஜ்ஜியைத் தொடுகிறது. மையில் கனிம எண்ணெயும் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) சாயமும் இருக்கும், ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கலாம். இதெல்லாம் வயிற்றுக்குப் போவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஒரு நாள் தின்றதால் பயப்பட வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குத் தினமும் அதே தாளில் வாங்கிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்து ஒட்டாவிட்டால் பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள். கனிம எண்ணெய்க்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. பழைய பரீட்சைத் தாள், ஆபீஸ் தாள் எல்லாம் இதே கணக்குதான்.

வாழை இலையோ மந்தாரை இலையோ போதும். அதைவிட, வீட்டிலிருந்து ஒரு சில்வர் டப்பாவைக் கொண்டு போங்கள். எண்ணெய் வடியக் கம்பி வலைத் தட்டு வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம், கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரையும் டீயையும் மெல்லிய கவரில் கட்டி வாங்குவதையும் விட்டுவிடுங்கள். உணவு பொதியும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவுக்குள் மொத்தமாக 60 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் இறங்கக் கூடாது என்பது விதி. பெயரோ முத்திரையோ இல்லாத அந்தக் கவரை யார் சோதித்தார்கள்? உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டதுதான்.

கேள்வி: 'பிபிஏ இல்லாதது' என்று போட்ட பால் புட்டியை நம்பி வாங்கலாமா?
– ஓர் இளம் தாய், மதுரை

பதில்: அந்த வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். பிபிஏ என்பது பிஸ்பீனால் ஏ; சில பிளாஸ்டிக்குகளில் சேரும், ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய வேதிப்பொருள். அதற்குப் பதிலாக அதன் பங்காளியான பிபிஎஸ்ஸை (பிஸ்பீனால் எஸ்) சேர்த்துவிட்டும் அப்படிப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த தடையில் பிபிஏவோடு ஆபத்தான மற்ற பிஸ்பீனால்களையும் சேர்த்ததற்கு இதுதான் காரணம். நம் நாட்டில் பால் புட்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதை முதலில் பாருங்கள். கண்ணாடிப் புட்டியோ ஸ்டீல் புட்டியோ கிடைத்தால் இன்னும் நல்லது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம் இருந்தால் புட்டியே வேண்டாம்.