இன்டர்வியூ நடுக்கத்துக்குப் புரோப்ரனலோல் போடலாமா?

வேண்டாம். நண்பர் தந்த குளிசையை இன்டர்வியூவுக்கு முன் போடாதீர்கள். இதயத்துக்கும் பிரஷருக்கும் என்று வந்த மருந்து அது. படபடப்பையும் கைநடுக்கத்தையும் அடக்கும், வராத ஆங்கிலத்தை வரவைக்காது.

தமிழில் கதைத்தால் ஒன்றுமில்லை, கொழும்புக் கோட்டையில் ஆங்கில இன்டர்வியூ என்றால்தான் நடுங்குகிறது என்கிறீர்கள். அநேகமாகப் பழக்கக் குறைவுதான். (இப்போது கூச்சத்துக்கும் குளிசை தேடுகிறோம்!)

கோப்பி குடிக்காத ஒரு காலையில், யாரையாவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மூன்றாம் நான்காம் தடவையில் நடுக்கம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பயிற்சியே போதும்.

ஆஸ்துமா இருந்தால் அந்தக் குளிசையைத் தொடவே கூடாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும். அப்புறம், சும்மா இருக்கும்போதும் படபடப்பு, உடம்பும் மெலிகிறது என்றால் டொக்டரிடம் காட்டித் தைராய்டு சோதியுங்கள்.