கால் எலும்பு முறிந்தால் சதையைக் கீறித் திறந்தே வைப்பது ஏன்?

பட்டர்வொர்த்தில் மோட்டார் விபத்து, தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, இரவோடு இரவாகக் கெண்டைக்காலின் இருபுறமும் கீறித் தைக்காமல் விட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது காலைக் காப்பாற்றச் செய்த அவசர அறுவை. கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளில், விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவால் ரத்தம் கசிந்து தசை வீங்கினால் உள்ளே அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடும். சுமார் 6 மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனால் தசையும் நரம்பும் மீள முடியாமல் சாகத் தொடங்கும். அதனால்தான் அந்த உறைகளைக் கீறித் திறந்து அழுத்தத்தை இறக்குகிறார்கள்.

அழுத்தம் ஏறியதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வலியை வைத்துத்தான். மருந்துக்கும் அடங்காத வலி. கால் விரலை மெல்ல நிமிர்த்தினாலே அலறுவார்கள். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது, அது கடைசியில்தான் நிற்கும். நினைவில்லாதவர் வலியைச் சொல்ல முடியாது என்பதால் ஊசி செருகி அழுத்தத்தை அளப்பார்கள். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி 30க்குக் கீழே போனால் ஆபத்து.

உடனே தைத்தால் அழுத்தம் திரும்பிவிடும். சில நாளில் வீக்கம் வடிந்ததும் தைப்பார்கள், அல்லது தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். அதுவரை பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், தம்பிக்குத் தைரியம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று: சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.