சிபில் சறுக்கியவர்களுக்கு முதல் வீட்டுக் கடன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் ஸ்கோர்) தொடர்பானவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளம். மற்றவர்களுக்கும் அதில் பாதி பொருந்தும் என்பதால் சுருக்கவில்லை.

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 42,000 ரூபாய். 2021-ல் கிரெடிட் கார்டு பாக்கி 61,000 ரூபாயை 38,000 கட்டி செட்டில்மென்ட் செய்தேன். பைக் கடனில் (மாதம் 3,200) சில தவணைகள் தாமதம். சிபில் 612 காட்டுகிறது. 30 லட்சத்துக்கு ஒரு வீடு பேசியிருக்கிறேன். 25 லட்சம் கடன் கிடைக்குமா? – வாசகர், திருப்பூர்

612 என்ற எண்ணைச் சற்று ஒதுக்கி வையுங்கள். இவ்வளவு ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த வரம்பும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. 750-க்கு மேல் என்றால் பேச்சு எளிது. 650-க்குக் கீழே என்றால் பெரும்பாலான வங்கிகளில் கணினியே ஃபைலைத் திருப்பிவிடும். நடுவில் இருப்பவர்களின் கடன் அறிக்கையை அதிகாரி வரி வரியாகப் படிப்பார். அந்த வரிகளைச் சரிசெய்தால் எண் தானாக ஏறும்.

முதலில் முழு அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னக் கட்டங்கள் 36 மாதங்கள் வரை இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 032 என்றால் 32 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் வங்கி அந்த மாத விவரத்தை அனுப்பவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம். 90-ஐத் தாண்டிய எண் ஒன்று இருந்தாலும் அதிகாரி பேனாவை வைத்துவிடுவார், ஏனென்றால் 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். உங்கள் பைக் கடன் கட்டங்கள் 30-க்குள் நின்றிருந்தால் விளக்கம் சொல்லித் தப்பிக்கலாம்.

பெரிய முள் கார்டு செட்டில்மென்ட்தான். 23,000 ரூபாயை வங்கி விட்டுக்கொடுத்தது. அதை 'செட்டில்டு' என்று பதிவு செய்தது. கடன் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அடுத்த வங்கிக்கோ 'இவர் முழுதாகக் கட்டாதவர்' என்றுதான் அது தெரியும். இதை 'க்ளோஸ்டு' ஆக்க விட்டுக்கொடுத்த தொகையைக் கட்ட வேண்டும். ஆனால் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கார்டு பிரிவுக்கு மின்னஞ்சலில், 'எவ்வளவு கட்டினால் என் கணக்கை முழுமையாக முடிந்ததாகப் பதிவு செய்வீர்கள்?' என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சில வங்கிகள் 23,000-த்தோடு நிற்கும். சில வட்டியும் கேட்கும், பேசிக் குறைக்கலாம். பணத்தைக் கார்டு கணக்குக்கே செலுத்துங்கள். வசூல் ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிய பணம் கணக்கில் வராமலே போவதுண்டு. பிறகு நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். அதில் 'முழுத் தொகையும் பெறப்பட்டது, பாக்கி ஏதுமில்லை' என்று இருக்க வேண்டும். 'செட்டில்மென்ட் நிறைவடைந்தது' என்ற கடிதம் உங்களிடம் 2021-லேயே இருக்கும், அதனால் பயனில்லை. ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை மீண்டும் எடுத்து, மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாமதக் கட்டங்கள் அழியாது, நாள் போகப் போகத்தான் அவற்றின் கனம் குறையும்.

இதற்கிடையில் பைக் தவணை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. உங்கள் தாமதத்துக்குக் காரணம் சம்பளம் 7-ம் தேதி, தவணை 5-ம் தேதி என்பதுபோல ஏதாவது இருந்தால், தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கடன் கொடுத்தவரிடமே கேளுங்கள். பலர் இதைக் கேட்பதேயில்லை. வீட்டுக் கடனுக்கு 6 மாதம் முதல் ஒரு வருட வங்கிக் கணக்குப் பட்டியல் கேட்பார்கள். அதில் 'ரிட்டர்ன் சார்ஜ்' (கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான கட்டணம்) என்று ஒரு வரி இருந்தால் சிபிலில் ஏறாத தவறும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, 25 லட்சம் வருமா என்பது. சம்பளத்தில் ஏறக்குறைய பாதிவரைதான் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகலாம் என்பது வங்கிக் கணக்கு. 21,000-ல் பைக்குக்கு 3,200 போனால் மிச்சம் 17,800. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். ஆக 20.5 லட்சம்தான் வரும். மனைவிக்கு வங்கி மூலம் 15,000 சம்பளம் வந்தால், இணை விண்ணப்பதாரராகச் சேர்த்து 25 லட்சத்தைத் தாண்டலாம். அவருடைய அறிக்கையையும் முதலில் எடுத்துப் பாருங்கள். மகளிர் குழுக் கடன், தவணையில் வாங்கிய மிக்ஸி எல்லாம் அதில் இருக்கும்.

கைப்பணக் கணக்கும் போட்டுவிடுங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. ஸ்கோர் குறைந்தவருக்கு 75, 80 சதவீதத்தில் நிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம், அதை வங்கி பொதுவாக வீட்டு மதிப்பில் சேர்க்காது. இந்தக் குறையை அடைக்கப் பர்சனல் லோன் வாங்கினால், அந்தத் தவணை உங்கள் 17,800-ஐயே தின்றுவிடும். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் முதல் வீடு, குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், 5 தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

பேசிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கார்டு வேலை முடியும்வரை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், 'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும்' என்ற வரி கிரைய ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எங்கள் கணிப்பில் ஒழுங்காக நடந்தால் ஒரு வருடம் ஆகும், ஆறு மாதத்தில் நடந்தால் அதிர்ஷ்டம்.

இதுவரை கடனே வாங்கியதில்லை. சிபிலில் -1 வருகிறது. இது மோசமா? – வாசகி, விருதுநகர்

இல்லை. -1 என்றால் உங்களைப் பற்றி எழுத எதுவுமில்லை என்றுதான் பொருள். முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி நிலைப்பாடு. சம்பளக் கணக்கு, பி.எஃப். பிடித்தம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை வைத்துச் சம்பளம் வரும் வங்கியிலேயே முதலில் கேளுங்கள்.

ஆறு மாதம் பொறுக்க முடிந்தால், 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்குங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து, 'மினிமம் டியூ' அல்லாமல் முழு பில்லையும் கட்டுங்கள். வங்கி நகைக் கடனும் அறிக்கையில் ஏறும். தெருமுனை அடகுக் கடையில் எத்தனை முறை ஒழுங்காக மீட்டாலும் பொதுவாக எங்கும் ஏறாது.

மகன் பொறியியல் படிக்க வாங்கிய கல்விக் கடன் வாராக்கடன் ஆகிவிட்டது. இப்போது அவனுக்கு வேலை கிடைத்து வீடு வாங்கப் பார்க்கிறோம். என் சிபிலும் சேர்ந்து விழுந்திருக்கிறது, ஏன்? – வாசகர், தஞ்சாவூர்

கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரர். அதனால் ஒரே கடன் இரண்டு பேரின் அறிக்கையிலும் ஒரே கறையோடு நிற்கிறது. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பாதி கட்டி முடிக்கலாம் என்று அழைப்பு வந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே பேசி முடித்தாலும், குறைத்துக் கட்டினால் பதிவு 'செட்டில்டு'தான். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அபராத வட்டியை மட்டும் தள்ளச் சொல்லிவிட்டு அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டப் பாருங்கள். 'க்ளோஸ்டு' என்று பதிவு செய்வதாக எழுதியும் வாங்குங்கள். கடனை வங்கி ஏதாவது சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு (வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் நிறுவனம்) விற்றிருந்தால், பணம் கட்டுவதும் நிலுவையில்லாச் சான்று (என்ஓசி) வாங்குவதும் அந்த நிறுவனத்திடம். பழைய வங்கியின் பதிவு அறிக்கையில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதையும் திருத்தும்படி தனியாக எழுத வேண்டும்.

மகன் தனியாக விண்ணப்பித்தால் உங்கள் ஸ்கோரைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால் உங்களையும் கடனில் சேர்க்கச் சொல்வார்கள். ஆகவே பத்திரம் யார் பெயரில் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

நான் வாங்காத கடன் என் அறிக்கையில் இருக்கிறது. எங்கே புகார் செய்வது? – வாசகி, ஆவடி

முதலில் இனிஷியலைப் பாருங்கள். பான் அட்டையில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் முன்னால் இனிஷியல், வங்கியில் பின்னால் இனிஷியல் என்று மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் சகஜம். அதே பெயர், அதே பிறந்த தேதி கொண்ட இன்னொருவரின் கடன் இந்தக் குழப்பத்தில் உங்கள் தலையில் விழும்.

எந்த நிறுவனத்தின் அறிக்கையில் தவறு இருக்கிறதோ, அதன் இணையதளத்தில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து 'இது என்னுடையதல்ல' என்று பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபிலால் எதையும் மாற்ற முடியாது. அதனால் அதே நாளில் அவருடைய குறைதீர் அதிகாரிக்கும் பான் நகலோடு எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்புறமும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இணையத்திலேயே புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448 என்ற தொலைபேசி எண். உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ மோசடியாக வாங்கிய கடன் என்றால், 1930 என்ற தொலைபேசி எண்ணில் சைபர் புகாரையும் பதிந்துவிடுங்கள்.

வங்கி மறுத்துவிட்டது. ஒரு வீட்டு வசதிக் கடன் நிறுவனம் 12 சதவீதத்துக்கு 25 லட்சம் தருகிறது. வாங்கிவிட்டுப் பிறகு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமா? – வாசகர், ஓசூர்

மாற்றலாம், மாற்ற முடிகிற வீடாக இருந்தால். 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் தவணை 21,696; 12 சதவீதத்தில் 27,527. முழுக்காலமும் இப்படியே ஓடினால் கூடுதலாகக் கட்டுவது 14 லட்சம் ரூபாய். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி மாற்றினால், அதுவரை கட்டிய 6.60 லட்சத்தில் அசலில் கழிந்தது 68,000 ரூபாய்தான் என்றாலும், மீதி 18 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் தவணை 22,000 அளவுக்கு இறங்கிவிடும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. நிலையான வட்டி என்றால் மாற்றும்போது கட்டணம் இருக்கலாம்; கையெழுத்துக்கு முன் எது என்று பாருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது வீட்டின் காகிதத்தில். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனைக்கும், வரைபட அனுமதியை மீறிய கட்டடத்துக்கும் சில நிறுவனங்கள் கடன் தரும். இரண்டு வருடம் கழித்து உங்கள் ஸ்கோர் 770 ஆனாலும் வங்கி அந்தச் சொத்தைத் தொடாது. 12 சதவீதத்திலேயே உட்கார வேண்டியதுதான். மனை அங்கீகாரம், கட்டட அனுமதி, தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை, மாற்ற நினைக்கும் வங்கியின் பேனலில் உள்ள வழக்கறிஞரிடமே இப்போதே காட்டிவிடுங்கள். சில ஆயிரம் செலவாகும். தாராளமாகச் செய்யுங்கள்.

கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ப்ராசஸிங், சட்டக் கட்டணம், உங்களைக் கேட்காமலே கடனில் சேர்த்த காப்பீட்டு பிரீமியம் எல்லாம் சேர்ந்த உண்மையான வட்டி அதில் இருக்கும்.

இன்னொன்று: ஏஜென்ட் ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் 'லாகின்' (கடன் விண்ணப்பம்) போட்டால் ஐந்து விசாரணையும் அறிக்கையில் ஏறி, ஸ்கோர் இறங்கும். எங்கே போடுகிறார் என்று கேட்டு, ஒன்று ஒன்றாகப் போடச் சொல்லுங்கள்.

15,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் சிபிலை 750 ஆக்குகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா? – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தக் கட்டணமே இல்லை. இவர்கள் செய்வது, எல்லாக் கடன்களையும் 'என்னுடையதல்ல' என்று புகார் போடுவதுதான். கடன் கொடுத்தவர் மறுத்ததும் பழையபடி ஆகிவிடும், 15,000-மும் போய்விடும். அதற்காக உங்கள் சிபில் கணக்கின் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்திருந்தால், இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, புதுக் கடன் ஏதாவது உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.