நீங்கள் எண்ணியது எதை?

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித்தின் கடிதங்களும் குறிப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதாக அறிந்தேன். பாக்டீரியாக்களின் இனத்தொகை மரபியல் (ஒரு கூட்டத்துக்குள் மரபணுக்கள் எப்படிப் பரவுகின்றன என்ற படிப்பு) பற்றி அவர் எழுதியவற்றை எந்த வரிசையில் படிப்பது? பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுவது. எல்லாம் நகல்தானே, அதில் என்ன மரபியல் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என் ஆய்வேட்டுக்காக ஒரு மருத்துவமனையில் சேகரித்த 60 மாதிரிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மரபணு வரிசையை மலிவாகப் படித்துவிடும் காலத்தில் பழைய தாள்களால் பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே,

பழைய தாள்களால் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள். எந்த வரிசையில் படிப்பது என்றும் கேட்கிறீர்கள். முதலில் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். கேலியை விடுங்கள். நிமோனியா தரும் பாக்டீரியா நிமோகாக்கஸ். பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸின் மரபணுக்களில் வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களின் துண்டுகள் செருகியிருக்கின்றன. வெறும் நகலெடுப்பில் அவை எப்படி வந்தன என்று நண்பர்களைக் கேளுங்கள், போதும்.

என்னை எழுத வைத்தது நீங்கள் போகிற போக்கில் சொன்ன வரி: 60 மாதிரிகள், ஒரு மருத்துவமனை. இதைத்தான் நானும் கொஞ்ச நாளாக மனதில் போட்டுக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

மேனார்ட் ஸ்மித் போர்க்காலத்தில் விமானப் பொறியாளர், பிறகு மரபியலாளர் ஹால்டேனின் மாணவர். பாக்டீரியா பக்கம் திரும்பியபோது வயது எழுபதை ஒட்டியிருந்தது. பாக்டீரியாக்கள் எந்த அளவுக்குக் குளோன்கள், அதாவது ஒரே தாய்ச் செல்லின் நகல்கள், என்ற கேள்வியை 1993இல் பிரையன் ஸ்ப்ராட் உள்ளிட்ட மூவருடன் சேர்ந்து எழுப்பினார். அவர்கள் கையிலிருந்தவை நொதிகளைப் பிரித்துப் பார்த்த தரவுகள். பாக்டீரியாவின் சாற்றை ஸ்டார்ச் கூழ்மத்தில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்கள் வெவ்வேறு தூரம் நகரும். சாயமேற்றினால் பட்டை பட்டையாகத் தெரியும். வடிவத்துக்கு ஒரு எண். பல நொதிகளின் எண்களைச் சேர்த்தால் அந்த மாதிரி எந்த வகை என்பது கிடைத்துவிடும். ஒரு நொதியின் எண்ணை வைத்து இன்னொன்றின் எண்ணை ஊகிக்க முடிந்தால் மரபணுக்கள் சேர்ந்தே கைமாறுகின்றன, அது குளோன். முடியாவிட்டால் நடுவில் கலப்பு நடந்திருக்கிறது.

டைபாய்டு போன்ற நோய்களைத் தரும் சால்மொனெல்லாவில் ஊகிக்க முடிந்தது. செத்துக் கிடக்கும் செல்லின் டிஎன்ஏவைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும் மேகவெட்டைக் கிருமியான கொனோகாக்கஸில் முடியவில்லை. வேடிக்கை, மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸில். எல்லா மாதிரிகளையும் எண்ணினால் குளோன் போலத் தெரிந்தது. ஒவ்வொரு வகையையும் ஒரே ஒரு முறை எண்ணியபோது அந்தப் பிணைப்பு பெரும்பாலும் கரைந்துபோனது! தங்களுக்குள் மரபணுக்களைக் கலந்துகொண்டே இருக்கும் கூட்டத்திலிருந்து எப்போதாவது ஒரு வகை தலையெடுத்துக் கொள்ளைநோயாகப் பரவுகிறது. நோயாளிகளிடம் மட்டும் மாதிரி எடுத்தால் திரும்பத் திரும்பச் சிக்குவது அதுதான். நலமாக இருப்பவர்களின் தொண்டையில் சத்தமில்லாமல் குடியிருக்கும் மற்ற வகைகள் கணக்கிலேயே வருவதில்லை.

இப்போது உங்கள் ஆய்வேடு. பிடித்தது 60 பாக்டீரியாக்களையா, ஒன்றையே 60 முறையா? ஒரே வார்டில், ஒரே மாதத்தில் பரவியதைச் சேகரித்துவிட்டு இனமே இப்படித்தான் என்று எழுதப்போகிறீர்களா? மரபணுவைக் கடைசி எழுத்துவரை படித்தாலும் இந்தக் குறை தீராது. ஒரே வீட்டில் பத்துப் பேரை விசாரித்துவிட்டு ஊர்க் கருத்து என்று சொல்பவரிடம் எவ்வளவு நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருந்து என்ன? கருவியின் விலை குறைந்ததைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

எனக்கு நுண்ணுயிரியல் கற்றுத்தந்த ஆசிரியை, மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் படுக்கை எண்ணும் தேதியும் இல்லாவிட்டால் வளர்ப்புத் தட்டைத் தொடவே மாட்டார். மாணவர் கண் கலங்கினாலும் இரங்க மாட்டார். அவருக்குப் பயந்தே சிலர் வேறு துறைக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் வயதில் ஒரு விஞ்ஞானியின் ஆவணங்களைத் தேடிப் போகத் தோன்றியிருக்கிறது. அந்த ஆவல் பிடித்திருப்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன். வரிசைதானே? 1991இல் டௌசன், ஸ்ப்ராட் இருவரோடும் மேனார்ட் ஸ்மித் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை, அடுத்து 1993இன் கட்டுரை. கடிதங்கள் காத்திருக்கும். அதற்கு முன் உங்கள் 60 மாதிரிகளும் எந்தெந்த வார்டில், எந்தெந்தத் தேதியில் எடுத்தவை என்று பட்டியல் போட்டு அனுப்புங்கள்.