போமட் அடிக்க முதல் கொஞ்சம் பொறுங்கள்: ஹாட் டிஸ்க் வேகம் பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துவதுதான் என் வேலை. "ஹாட் டிஸ்க் சரியான ஸ்லோ" என்று கொண்டுவருகிறவர்களில் அரைவாசிப் பேர் ஏற்கெனவே ஒருதரம் போமட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். காய்ச்சலுக்கு மொட்டை அடிக்கிற வைத்தியம் அது. அதனால் இந்தமுறை ஹாட் டிஸ்க் பற்றி மட்டும் கேட்கச் சொன்னேன். வந்ததில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மல்லாவி: அண்ணா, புது 1 டிபி டிஸ்க் வாங்கினேன். பெட்டியில் சாட்டா 6 கிகாபிட் என்று போட்டிருக்கு, கொப்பி பண்ணும்போது செக்கனுக்கு 150 எம்பியைத் தாண்டுதில்லை. ஏமாற்றிவிட்டார்களா? 931 ஜிபிதான் காட்டுது, அதுவும் ஏன்?

ஒருவரும் ஏமாற்றவில்லை தம்பி. சாட்டா என்பது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கிற வயர், 6 கிகாபிட் என்பது அதில் செக்கனுக்குப் போகிற பிட் கணக்கு. அந்த வயரில் ஒரு பைட் போக 10 பிட் செலவாகும், ஆகவே 600 எம்பி. அதுவும் வயரும் போர்ட்டும் தாங்கக்கூடிய அளவே தவிர டிஸ்கின் வேகம் இல்லை. இரணைமடு வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் துருசு, அதாவது மதகு, திறந்த அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணீர் வரும், இல்லையா? இங்கே துருசு என்பது உள்ளே சுற்றுகிற தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் இந்தக் காலத்து டிஸ்க் ஒன்று வெளி விளிம்பில் 150 முதல் 200 வரை தரும். உள்வட்டத்துக்குப் போகப் போக ஒரு சுற்றில் வாசித்து எழுதுகிற தலைக்குக் கீழே ஓடுகிற தடத்தின் நீளம் குறைவதால் வேகமும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். டிஸ்க் பொதுவாக வெளியில் இருந்துதான் நிரம்பிக்கொண்டு வரும், அதனால் முக்கால்வாசி நிரம்பிய பிறகு "முந்தி மாதிரி இல்லை" என்று தோன்றினால் அது உங்கள் மனப்பிரமை இல்லை. 931 ஏன் என்றால், கம்பனி 1000 ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

பரந்தன், ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்: கலியாண வீடியோ ஒன்று 20 ஜிபி, செக்கனுக்கு நூறில் போகுது. அதே அளவு படங்களை சீயில் இருந்து டீக்குப் போட்டால் 10 கூட வருதில்லை. டிஸ்க் பழுதா?

இதுதான் எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஹாட் டிஸ்குக்கு இரண்டு வேகம் உண்டு. ஒரே பெரிய ஃபைலை இழுத்துக்கொண்டு போகிற வேகம் ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கிற வேகம் மற்றது. பெட்டியில் போடுவது முதலாவதை, நாங்கள் நாளாந்தம் அனுபவிப்பது இரண்டாவதை. 7200 என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். தலை தடம் மாறி நகர அதற்கு முதல் இன்னும் ஒரு 9. ஆகமொத்தம் 13, செக்கனுக்கு 75 இடத்துக்குத்தான் போய்வரலாம். ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி மட்டும் எடுத்தால் வருவது 300 கேபி. எம்பி இல்லை, கேபி.

உங்கள் படங்கள் ஒவ்வொன்றும் சில எம்பி இருக்கும், ஆகவே படங்களால் மட்டும் 10க்கு இறங்காது. நீங்கள் சொன்னதில்தான் விடை இருக்கிறது. சீயும் டீயும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகம் என்றால், தலை ஒரு படத்தை இங்கே வாசித்து அங்கே ஓடி எழுதி மறுபடி இங்கே வருகிறது, நாள் முழுக்க இதுதான் வேலை. வேறொரு டிஸ்குக்கு ஒருதரம் கொப்பி பண்ணிப் பாருங்கள். அன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். சிப் (zip) ஆக்கி, அதாவது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிப் போட்டால் வேகம் என்று சொல்வார்கள், சிப் ஆக்கும்போதே அத்தனை ஃபைலையும் வாசிக்கத்தானே வேண்டும். ஒரே அல்பத்தைப் பல பேருக்குக் கொடுப்பதென்றால் மட்டும் லாபம்.

வவுனியா, ஆசிரியை: விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி. போட்டு அரை மணித்தியாலம் வரை டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதம். மகன் இரண்டு தரம் போமட் அடித்தும் மாறவில்லை.

டீச்சர், அந்த 100 வீதத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை எம்பி என்றும் இருக்கும், அதைப் பாருங்கள். 100 வீதம், ஆனால் 1 அல்லது 2 எம்பி என்றால் டிஸ்க் வேலை செய்யவில்லை, ஓடித் திரிகிறது. மேலே பரந்தன்காரருக்குச் சொன்ன கதைதான். ராம் போதாததால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுக்கிறது, அதற்கு மேலே அப்டேட்டும் அன்டிவைரஸும் தேடல் அட்டவணை போடுகிற வேலையும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அடிக்கடி திறக்கிற புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றுகிற சிஸ்மெயின் என்ற விண்டோஸ் சேவையை நிறுத்து என்று யூடியூப்பில் சொல்வார்கள், செய்து பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உண்மையான வைத்தியம் ஒரு எஸ்எஸ்டி, அதாவது பென் டிரைவ் மாதிரி மெமரியில் சேமிக்கிற டிஸ்க். பழைய சாட்டா 2 போர்ட்டாக இருந்து அதன் முழு வேகம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏனென்றால் அதில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற தலையும் இல்லை. பிறகு காசு இருந்தால் ராமை 8 ஆக்குங்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டிக்கே போங்கள். ஒன்று மட்டும், விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதையும் மனதில் வைத்துச் செலவழியுங்கள். மகனிடம் மூன்றாந்தரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு: அண்ணை, போன கிழமை வரை நல்லாகத்தான் இருந்தது. இப்போது சில ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுது, சில நேரம் 3 எம்பி. இடைக்கிடை டிக் டிக் என்று சத்தம். செக் டிஸ்க் ஓடவிடவா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் இருந்து திறந்து பாருங்கள். அதில் 05, சி5 என்று இரண்டு வரி இருக்கும். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சி5 என்பது வாசிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருக்கிற பகுதிகள். கடைசி நிரலில் சி5க்கு நேரே பூச்சியம் இல்லாமல் ஏதாவது எண் இருந்தால், டிஸ்க் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம், கணினி நிற்பது அதனால்தான். செக் டிஸ்க் என்பது டிஸ்கில் பிழை தேடித் திருத்துகிற விண்டோஸ் கருவி, இப்போது அதை ஓடவிட்டால் சாகப்போகிற ஆளை ஓட்டப்போட்டிக்கு விடுகிற மாதிரி. போமட்டும் அப்படித்தான். முதலில் திரும்பக் கிடைக்காதவற்றை, அதாவது படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் ஆவணங்களை வேறு இடத்துக்கு எடுங்கள். சினிமாப் படம், பாட்டெல்லாம் கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம். ஒரு ஃபோல்டரில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். டிக் சத்தம் விடாமல் வந்தால் கரண்டை நிறுத்தி டிஸ்கைக் கழற்றுங்கள், மேற்கொண்டு ஓடவிட்டால் தலை தட்டைச் சுரண்டக்கூடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பழைய அல்பமே இல்லை. 2009இல் இடம்பெயர்ந்து போன வழியில் எல்லாம் போய்விட்டது. சொந்தக்காரரிடம் மிஞ்சின ஒன்றிரண்டு படத்தை வாங்கி ஸ்கான் பண்ணி ஒரே ஒரு டிஸ்கில் வைத்திருப்பார்கள். அந்த டிஸ்கைத்தான் ஸ்லோ என்று போமட் அடிக்கக் கொண்டுவருவார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பிரதி இல்லாமல் நான் இப்போது எந்த டிஸ்கிலும் கை வைப்பதில்லை.

ஒட்டுசுட்டான்: வயரிலும் பிழை வருமா?

வரும். அதே மென்பொருளில் சி7 வரியைப் பாருங்கள். அது வயரில் போகும்போது பழுதான தரவின் எண்ணிக்கை. ஏறின எண் பிறகு இறங்காது, ஆகவே இன்று எழுதிவைத்து நாலு நாள் கழித்துப் பாருங்கள், கூடியிருந்தால் முதலில் வயரை மாற்றுங்கள். தொடங்கின காலத்தில் ஒருவருக்குப் புது டிஸ்க் வாங்க வைத்து, அதுவும் மெதுவாக ஓட, பிறகுதான் வயரில் எலி கடித்திருந்ததைக் கண்டேன். அந்த டிஸ்கின் காசை நான்தான் கொடுத்தேன்.

விசுவமடு: எக்ஸ்டர்னல் டிஸ்க் 35ஐத் தாண்டுதில்லை.

அது யூஎஸ்பி 2.0இன் அளவு. அனேகமாக நீல நிறப் போர்ட்டில் குத்த வேண்டும், அதுவும் பெட்டியின் பின்பக்கத்தில். கேபிளும் 3.0ஆக இருக்க வேண்டும். மெல்ல மெல்லச் சொருகினால் சிலவேளை 2.0 என்றே பிடித்துவிடும், கழற்றி ஒரே தள்ளாகத் தள்ளுங்கள்.

நெடுங்கேணி: புது 4 டிபி எக்ஸ்டர்னல். தொடக்கத்தில் 120, கொஞ்ச நேரம் போனதும் 20. சூடா?

சூடாகவும் இருக்கலாம், கையால் தொட்டுப் பாருங்கள். ஆனால் எனக்குச் சந்தேகம் எழுதும் முறையில். 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்குகள் பலதும் எஸ்எம்ஆர் வகை. கிடுகு வேய்கிற மாதிரித் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி அடுக்கி இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். வேய்ந்த கூரையில் நடுவில் ஒரு கிடுகை மாற்ற அதற்கு மேலே கிடப்பதையெல்லாம் கிளப்ப வேண்டும் அல்லவா, இதுவும் அதுதான். வருவதை முதலில் ஒரு தனி இடத்தில் அவசரமாகப் போட்டுவைத்துப் பிறகு ஆறுதலாக அடுக்கும், அந்த இடம் நிரம்பினதும் உங்களுக்கு 20. பழுதில்லை. கொப்பி முடிந்த கையோடு கழற்றாமல் கொஞ்ச நேரம் கரண்டில் விடுங்கள். சேமித்து வைக்க நல்லது, விண்டோஸ் போட உதவாது.

அரிசி ஆலை ஒன்றின் கணக்காளர்: பகலில் மில் ஓடும்போது மட்டும் கணினி மெதுவாகுது, மில் நிறுத்தினால் சரி. வோல்டேஜ்தானே?

ஐயா, மில்லில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும், மெதுவாகாது. அதிர்வாக இருக்கலாம். தலை தட்டில் இருந்து சில நானோமீற்றர் உயரத்தில்தான் மிதக்கிறது, ஆட்டம் கூடினால் தடத்தைத் தவறவிட்டுத் திரும்பத் தேடும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலைசெய்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியியலாளர் டிஸ்குகளுக்குப் பக்கத்தில் நின்று கத்தி, கத்துகிற நேரம் அவை தடுமாறுவதை வீடியோ எடுத்தே காட்டினார். கத்தலுக்கே அப்படி என்றால் உங்கள் மில்லுக்குச் சொல்ல வேண்டுமா? மேசையை மெஷின் நிற்கிற சுவரில் இருந்து விலக்குங்கள், பெட்டிக்குக் கீழே பழைய டயர்த் துண்டு வையுங்கள், டிஸ்குக்கு நாலு ஆணியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். தவிட்டுத் தூசியையும் ஊதிவிடுங்கள். யூபிஎஸ் எப்படியும் வேண்டும், அது வேறு கதை.

மாங்குளம்: டீஃப்ராக் கிழமைக்கு ஒருதரம் செய்யவா?

டீஃப்ராக் என்பது சிதறிக் கிடக்கிற ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்குகிற வேலை. ஹாட் டிஸ்க் என்றால் விண்டோஸ் தானே செய்துகொள்ளும். எஸ்எஸ்டி என்றால் நீங்களாகச் செய்யவே வேண்டாம், பயனில்லை, வீண் தேய்மானம்.

தருமபுரம்: அண்ணா, நான் நேற்றே போமட் அடித்துவிட்டேன். அம்மாவின் படங்கள் அதில்தான் இருந்தன.

தங்கச்சி, இப்போதே கணினியை நிறுத்துங்கள். அதில் ஒன்றும் புதிதாகப் போட வேண்டாம், மீட்கிற மென்பொருளைக்கூட அதில் இறக்க வேண்டாம். குவிக் போமட் என்று டிக் போட்டிருந்தால் எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணை மட்டும்தான் அழிந்திருக்கும், படங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். குவிக் டிக்கை எடுத்துவிட்டு மணிக்கணக்கில் ஓடவிட்டிருந்தால் முழுக்கப் பூச்சியம் எழுதியிருக்கும், அப்படி என்றால் கஷ்டம். எது என்று நினைவில்லாவிட்டால், எவ்வளவு நேரம் எடுத்தது என்று மட்டும் சொல்லுங்கள். சில செக்கன் என்றால் டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு வாருங்கள், ஞாயிறும் நான் இருப்பேன்.